ஐந்தாவது எலுமிச்சை

சக்கரத்துக்கு ஒன்றாய் நான்கு எலுமிச்சை.
ஈசூன் முருகன் கோயில் வாசலில்
குருக்கள் கையசைக்க, ஏற்றி நசுக்கினேன்.
முகப்பில் வைத்த சந்தனம் காய்வதற்குள்
கார் நிறுத்துமிடத்தின் மூன்றாம் மாடி வளைவில்,
இடப்பக்கம் திரும்பும்போது,
டொக்.

தண்ணீர்ப் போத்தலாக இருக்கும் என்றார் பன்னீர்.
போத்தலை எடுத்துவிட்டு ஓட்டினேன். டொக்.
குடையை எடுத்தேன், நித்திலாவின் காலணியை எடுத்தேன்,
கடைசியில் சாமி படத்தையும்.
காலியான காரில்
இன்னும் தெளிவாகக் கேட்டது.

ஊபியில் அவர்களுடைய பட்டறை. குளிர்சாதனம், இலவச மைலோ.
ஹஃபிஸ் என்றொரு இளைஞர், நல்லவர்தான்,
விசைப்பலகையில் விரல் வைத்துக் கேட்டார்:
"எந்த மாதிரி சத்தம், மேடம்?"
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
பக்கத்தில் நின்ற எட்டு வயது நித்திலா
நாக்கை மேலண்ணத்தில் தட்டிக் காட்டினாள்:
"டொக். அப்புறம் சின்னதா ஒரு டக்."
ஹஃபிஸ் தட்டச்சு செய்தது ஒரே சொல்: சத்தம்.

மூன்று நாள் கழித்து ஒரு தாள்.
குறை ஏதும் காணப்படவில்லை.

இரண்டாம் முறை எதையோ கழற்றி எதையோ மாட்டினார்கள்.
மூன்றாம் முறை, விற்றவர் டெரிக் கோ வந்தார்.
"ஹம்பில் வேகமா ஏறியிருப்பீங்க.
புது வண்டிதானே, பழகப் பழகச் சரியாயிடும்."
இந்த வாக்கியம் எனக்குத் தெரியும்.
கல்யாணமான புதிதில்
வேறு ஒருவர் வாயால் கேட்டது.

இந்த ஊரில் நாம் கார் வாங்குவதில்லை,
பத்து வருடத்தை வாங்குகிறோம்.
சிஓஇ காகிதத்துக்குக் கொடுத்தது
இரும்புக்குக் கொடுத்ததைவிட அதிகம்.
பட்டறையில் நின்ற இருபத்துமூன்று நாளும்
அந்தப் பத்திலிருந்துதான் கழிந்தன;
இரவுப் பணி முடிந்து
வீங்கிய காலோடு பேருந்துக்கு நின்ற
இருபத்துமூன்று விடியல்.

"லெமன் லா இருக்கே" என்றாள் ரோஸ்னா,
டயாலிசிஸ் இயந்திரத்தின் குழாயைக் கழுவியபடி.
சிரித்துவிட்டேன்.
நான்கை நசுக்கிவிட்டு
ஐந்தாவதன்மேல் பெல்ட் போட்டு
உட்கார்ந்திருக்கிறேன், ஐந்து மாதமாக.

அதிகாலை இரண்டு மணிக்கு மருந்துத் தள்ளுவண்டி அருகே நின்று படித்தேன்.
கையில் வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை வெளிப்பட்டால்
வாங்கும்போதே இருந்த குறை என்று கொள்ளப்படும்.
இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர்.
மறுபடி படித்தேன்.
நான் ஹம்பில் ஏறவில்லை என்று
நான் நிரூபிக்க வேண்டாமாம்.
ஆறு மாதம்!
இத்தனை வருடத்தில் எனக்கு யாரும்
ஆறு நிமிடம் அப்படித் தந்ததில்லை.

கடிதம் எழுதினேன். தேதிகள், தாள்கள், கிலோமீட்டர்.
நூற்றறுபத்தோராம் நாள்
தலைமை மெக்கானிக் ஆ கெங் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.
காக்கி புக்கிட்டில் முதல் இடத் திருப்பம்.
ஒன்றுமில்லை.
இரண்டாவது. ஒன்றுமில்லை.
அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
ஒரு கோளாறுக்காக முருகனை வேண்டியவள்
அன்றைக்கு நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.
மூன்றாவதில்
டொக்.
அப்புறம் சின்னதாக ஒரு டக்.
ஆ கெங் கண்ணை மூடிக்கொண்டார்.
"கேட்டது" என்றார் மாண்டரினில், தனக்கே சொல்வதுபோல.
எனக்கு அந்த ஒரு சொல் புரிந்தது.

நான்காம் முறையும் திறந்தார்கள், மூடினார்கள்; போகவில்லை.
கடைசியில் வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைத் தந்தார்கள்,
ஓடிய தூரத்துக்குக் கழித்துக்கொண்டு.
கழித்த தொகையில் எனக்கு வருத்தம் உண்டு,
அது தனிக் கடிதம்.
சந்தனக் கறையைத் துடைக்கவா என்றார் ஹஃபிஸ்.
இருக்கட்டும் என்றேன்.

இப்போது பேருந்துதான்.
ஈசூன் அவென்யூவில் இடப்பக்கம் திரும்பும்போது
என் தோள் தானாக இறுகுகிறது.
நித்திலா காத்திருந்து, சரியான இடத்தில்,
"டொக்."
முன்னிருக்கையில் தூங்கியவர் விழித்துப் பார்க்கிறார்.
அவர் மறுபடி கண்ணயரும்வரை பொறுத்து,
மெதுவாக,
"டக்."